கதைப் புத்தகமும் கைவிளக்கும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



சிறுவர்க்குக் கதைப் புத்தகங்களின் வாயிலாக ஒளியைப் பற்றிக் கற்பித்தல் என்பது இன்று நமக்கு அளிக்கப்பட்டுள்ள பொருள். ஒளியைக் கற்பிக்கப் பள்ளி இருக்கிறது, பாடநூல் இருக்கிறது, ஆசிரியர் இருக்கிறார். கதைப் புத்தகத்துக்கு அங்கே என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். நம் விடை இதுவே: குழந்தையின் உள்ளத்தில் கேள்வியை எழுப்புவது கதை, அக்கேள்விக்கு விடை தேடுவது அதன் கை. கதையும் கையும் எளிதில் கூடுகின்ற இடம் வீடு. நம் வீட்டின் மொழியோ தமிழ்.

போவன்பள்ளியில் வாழும் நம் பிள்ளைகள் நாள்தோறும் நான்கு மொழிகளுக்கிடையே நடமாடுகின்றனர். பள்ளியில் 'லைட்' என்பர். தெருவில் 'வெலுகு' என்பர். கடைவீதியில் 'ரோஷ்னி' என்பர். வீட்டில் 'வெளிச்சம்' என்பர். இது பெரும் பேறு. ஆயினும் இதில் ஓர் இடரும் உண்டு. ஒளி நேர்கோட்டில் செல்லும் என்பதை ஆங்கிலத்தில் தடையின்றி ஒப்பிக்கின்ற குழந்தையிடம், "கதவின் நிழல் ஏன் சுவரின் மேல் விழுகிறது, கண்ணே?" என்று தமிழில் கேட்டுப் பாருங்கள். பல வீடுகளில் குழந்தை விழிக்கும். கேட்ட நாமும் அதற்குமேல் கேளாமல் விட்டுவிடுவோம். "சாப்பிட வா", "குளித்துவிட்டுப் போ" என்பனவற்றோடு தமிழ் நின்றுவிடும். வியப்பதற்கும் வினவுவதற்கும் பயன்படாத மொழி, குழந்தை வளர வளரச் சுருங்கிக்கொண்டே போகும். ஆகவே, ஒளியைப் பற்றிய இச்சிறு பேச்சில் நம் மொழியின் நாளையும் அடங்கியிருக்கிறது.

இவ்வூர்த் தமிழர்க்குக் கல்விப்பணி புதிதன்று. செகந்திராபாத்தின் மகபூப் கல்லூரி, 1862-இல் சோமசுந்தரம் முதலியார் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்ததேயாகும். வந்த ஊரில் பள்ளி கட்டியவர்களின் வழிவந்த நாம், வீட்டில் ஒரு புத்தக அலமாரி அமைப்பது அரிய செயலன்று.

சிறுவர் நூல் ஒன்று என்ன செய்ய வல்லது என்பதற்கு உலகறிந்த சான்று மைக்கேல் பாரடே. இலண்டனில் ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்த அவர், 14-ஆம் வயதில் புத்தகம் கட்டும் கடையில் வேலை பழகச் சேர்ந்தார். கட்டுவதற்கு வந்த நூல்களைப் படிக்கவும் செய்தார். ஜேன் மார்செட் என்னும் அம்மையார் ஆசிரியைக்கும் மாணவியர்க்கும் இடையே நிகழும் உரையாடலாக எழுதிய வேதியியல் நூல் அவர் கைக்கு எட்டியது. பாரடே அதனைப் படித்ததோடு அமையவில்லை. நூலில் கூறியிருப்பதைத் தம் வசதிக்கு இயன்ற சிறு சோதனைகளால் செய்து பார்த்தார். நூலின் கூற்று மெய்யென்று கண்ட பின்னரே அதனை உறுதியாகப் பற்றிக்கொண்டார். பின்னாளில் மின்னியலின் தந்தையருள் ஒருவராக உயர்ந்த அப்பெரியார், 1860-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறையில் சிறுவர்க்கென ஆறு சொற்பொழிவுகள் தொடங்கினார். அவற்றுக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள் ஒரு மெழுகுவத்தி! அச்சொற்பொழிவுகள் 1861-இல் நூலாகி இன்றளவும் படிக்கப்படுகின்றன. படித்ததைச் செய்து பார்த்தல் என்னும் இப்பழக்கத்தையே நம் வீடுகளுக்கும் வேண்டுகிறோம்.

கற்பிக்கத் தொடங்குமுன், குழந்தை என்ன எண்ணியிருக்கிறது என்பதை அறிதல் வேண்டும். ஒரு மரத்தையும் அதனைப் பார்க்கும் சிறுமியையும் வரைந்து கொடுத்து, அவள் மரத்தை எவ்வாறு காண்கிறாள் என்று அம்புக்குறியிட்டுக் காட்டச் சொல்லுங்கள். குழந்தைகள் பலர் கண்ணிலிருந்து மரத்தை நோக்கி அம்பு வரைவர். நம் பேச்சு வழக்கும் அதற்குத் துணைபோகிறது. 'பார்வை பட்டது', 'கண் பாய்ந்தது' என்றெல்லாம் நாம் சொல்கிறோமல்லவா? கிரேக்க அறிஞருள் பலரும் கண்ணிலிருந்து கதிர் புறப்படுகிறது என்றே கருதினர். தஞ்சைப் பெரிய கோயில் எழுந்த 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கெய்ரோ நகரில் வாழ்ந்த இபின் அல் ஹைதம் என்னும் அறிஞர் அதனை மறுத்தார். மிகுந்த ஒளியுள்ள பொருளைப் பார்த்தால் கண் வலிக்கிறது. ஆகவே ஒளி வெளியிலிருந்து கண்ணுக்குள் வருகிறது என்பது அவர் காட்டிய காரணங்களுள் ஒன்று.

இதனை நம் வீட்டில் செருப்புப் பெட்டி ஒன்றைக்கொண்டே மெய்ப்பிக்கலாம். பெட்டிக்குள் ஒரு பொம்மையை வைத்து மூடி, பக்கத்தில் ஒரு சிறு துளையிட்டுக் குழந்தையைப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே ஒன்றும் தெரியாது. கண்ணிலிருந்து கதிர் செல்வதாயின் பொம்மை தெரிந்திருக்க வேண்டுமே! இப்போது மேல்மூடியில் ஒரு கீறல் இட்டு, அதன்மேல் கைவிளக்கைக் காட்டுங்கள். பொம்மை தோன்றும். விளக்கின் ஒளி பொம்மையின்மேல் பட்டு, அங்கிருந்து சிதறி, கண்ணுக்கு வந்து சேர்கிறது என்பதை ஆறு வயதுக் குழந்தையும் தானே சொல்லும்.

இனி, கதைகளுக்கு வருவோம். ஒளியைக் கற்பிக்கப் புதிய நூல்தான் வேண்டும் என்பதில்லை. நம் பாட்டிமார் சொன்ன பஞ்சதந்திரக் கதைகளிலேயே ஒளியின் இயல்பு நிறைந்திருக்கிறது. சிங்கத்தைக் கிணற்றில் வீழ்த்திய முயலின் கதையை அறியாதார் யார்? கதையைப் படித்து முடித்ததும், 'அறிவே வலிமை' என்னும் நீதியோடு புத்தகத்தை மூடிவிடுகிறோம். அங்கே சற்று நின்று கேட்போம்: கிணற்றுக்குள் சிங்கம் தெரிந்ததே, முயலும் தெரிந்திருக்குமா? குழந்தைகள் இரு கட்சியாகப் பிரிந்து வாதிடுவர். ஓர் அகன்ற பாத்திரத்தில் நீர் நிரப்பி, விளிம்பில் இரண்டு பொம்மைகளை வைத்துப் பார்க்கச் செய்யுங்கள். விளிம்பருகே நிற்கும் முயல் தெரியும். சற்றுப் பின்னே தள்ளி வைத்த முயல் மறைந்துவிடும். முயலின் மேனியிலிருந்து புறப்பட்ட ஒளி நீரில் பட்டுத் திரும்பிச் சிங்கத்தின் கண்ணை அடைந்தால்தான் சிங்கம் அதனைக் காணும். முயல் எங்கே நின்றிருக்க வேண்டும் என்பதைக் குழந்தையே இப்போது முடிவு செய்யும்.

எலும்புத் துண்டைக் கவ்விக்கொண்டு பாலத்தைக் கடந்த நாயின் கதையும் அத்தகையதே. நீரில் தெரிந்த நாய் எவ்வளவு ஆழத்தில் இருப்பதுபோல் தோன்றும்? மேலே நிற்கும் நாய் நீர்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் உள்ளதோ, அவ்வளவு ஆழத்தில். பளபளப்பான எவர்சில்வர் தட்டில் நீர் ஊற்றினால் தட்டின் பளபளப்பே கண்ணை நிறைத்துவிடும். கறுப்பு அடிப்பாகமுள்ள வாணலியில் ஊற்றினால் நீரின்மேல் முகம் தெளிவாகத் தெரியும். நேர் மேலிருந்து விழும் ஒளியில் நூற்றுக்கு 2 பங்கையே நீர்ப்பரப்பு திருப்பி அனுப்புகிறது. அடியிலிருந்து வேறு ஒளி வந்து அதனை மறைக்காதபோதுதான் அச்சிறு பங்கு நம் கண்ணுக்குப் புலனாகும். ஆழமான இருண்ட கிணற்றைக் கதை ஆசிரியர் தேர்ந்தது எத்துணைப் பொருத்தம், பாருங்கள்!

ஏரியில் நடுங்கும் நிலவைக் காட்டி யானையரசனை முயல் அஞ்சச் செய்த கதையைப் பௌர்ணமி இரவில் மொட்டைமாடியில் வைத்துப் படிக்க வேண்டும். பக்கத்தில் ஒரு தொட்டி நீர் போதும். குழந்தை விரலால் தொட்டதும் நிலவு நூறு துண்டாகச் சிதறும். நீர் அடங்கியதும் ஒன்றாகும். ஒளியைத் திருப்பும் பரப்பு சமமாக இருந்தால் உருவம் முழுமையாக நிற்கும், அலைந்தால் சிதையும் என்பதை இதைவிடத் தெளிவாக எந்தக் கரும்பலகை கற்பிக்கும்?

கதையை அடுத்துப் படங்களைக் காண்போம். சிறுவர் நூல்களின் படங்களைக் குழந்தைகள் எழுத்தைவிடக் கூர்ந்து பார்க்கின்றனர். அப்படங்களில் ஒளியைப் பற்றிய பிழைகளும் உண்டு. பிழையுள்ள புத்தகத்தை எறிந்துவிட வேண்டா; அதுவே நல்ல ஆசானாகும். சிரிக்கும் சூரியனும் வானவில்லும் அருகருகே நிற்கும் படத்தை நாம் எத்தனை முறை கண்டிருக்கிறோம்! மெய்யான வானவில்லைக் காண வேண்டுமாயின் சூரியன் நம் முதுகுப்புறம் இருத்தல் வேண்டும். மாலையில் வானவில் கிழக்கே தோன்றும். காலையில் மேற்கே தோன்றும். மாலை வெயிலில், சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று செடிக்கு நீர் தெளித்தால், நம் வீட்டு வாசலிலேயே சிறு வில் ஒன்றைக் காணலாம். கண்டபின், புத்தகத்தின் படத்தைக் குழந்தையே திருத்தி வரையட்டும்.

பிறைநிலவின் இரு கொம்புகளுக்கு நடுவே விண்மீன் மின்னும் படமும் உண்டு. நிலவின் ஒளிபடாத பகுதி நமக்குத் தெரியவில்லையேயன்றி, அங்கே நிலவு இல்லாமற் போகவில்லை. அதனூடே விண்மீன் எவ்வாறு தெரியும்? ஒரு பந்தையும் கைவிளக்கையும் கொண்டு இதனைச் செய்து காட்டலாம். மரத்தின் நிழல் சூரியன் இருக்கும் பக்கமே சாய்ந்திருக்கும் படமும் உண்டு. இத்தகைய படங்களைத் தேடிப் பிடிப்பதை விடுமுறை விளையாட்டாக வைத்தால், கைபேசியை நாடும் பிள்ளைகளும் புத்தகத்தை நாடுவர்.

அச்சில் வந்தவை யாவும் மெய் என்று கொள்ளாமல் ஆராய்ந்து பார்க்கும் துணிவு இவ்விளையாட்டில் பிறக்கும். அத்துணிவு எத்துணைப் பெரிய பயன் தரும் என்பதற்குத் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன் அவர்களே சான்று. வானத்தின் நீலம் எதிரொளிப்பதால்தான் கடல் நீலமாகத் தெரிகிறது என்று இன்றும் பலர் சொல்வதுண்டு. 1921-இல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பியபோது மத்தியதரைக் கடலின் நீலத்தைக் கண்ட இராமன், ஒளியை வடிகட்டும் சிறு படிகக் கருவியொன்றால் கடற்பரப்பின் எதிரொளியை விலக்கிவிட்டு நோக்கினார். நீலம் மறையவில்லை, நீர் தானே ஒளியைச் சிதறச் செய்வதை உணர்ந்தார். அவ்வழியே தொடர்ந்த ஆராய்ச்சி 1928 பிப்ரவரி 28-இல் இராமன் விளைவாக மலர்ந்தது. 1930-இல் நோபல் பரிசையும் பெற்றுத் தந்தது. 1987 முதல் அந்நாளைத் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடி வருகிறோம்.

நாம் வாழும் ஊரே ஒரு பாடநூலாக விரிகிறது. அதன் இரண்டு பக்கங்களை மட்டும் இங்கே புரட்டுவோம்.

ஒன்று, நிழல் மறையும் நாள். ஆண்டுக்கு இருமுறை, மே 9-ஆம் நாளையும் ஆகஸ்டு 3-ஆம் நாளையும் ஒட்டி, ஐதராபாத்தில் நண்பகல் சூரியன் சரியாக உச்சிக்கு வருகிறது. மே மாதத்தில் அவ்வேளை 12 மணி 12 நிமிட அளவில் அமையும். நேராக நிறுத்திய கோலின் நிழல் அதன் அடியிலேயே ஒடுங்கிவிடும். சென்னையில் இந்நாள் ஏப்ரல் 24-ஐ ஒட்டியும், கன்னியாகுமரியில் ஏப்ரல் 10-ஐ ஒட்டியும் வந்துபோகும். சூரியனும் நம்மைப்போலவே தெற்கிலிருந்து படிப்படியாக வடக்கே வருவதாகத் தோன்றும். பின்னர் ஆகஸ்டு 18-ஐ ஒட்டிச் சென்னைக்கும், செப்டம்பர் தொடக்கத்தில் குமரிக்கும் திரும்பும். தில்லிக்கோ அது ஒருபோதும் உச்சியில் வருவதில்லை. ஏப்ரலில் சென்னைத் தாத்தா தம் கோலின் நிழல் மறைந்ததைத் தொலைபேசியில் பேரனுக்குச் சொல்லட்டும். பதினைந்து நாள் கழித்துப் பேரன் தாத்தாவுக்குச் சொல்லட்டும். நிழலைப் பற்றிய கதைப் புத்தகம் ஒன்றை அன்று இருவரும் படிக்கட்டும். உலகம் உருண்டை என்பது அப்பிள்ளைக்கு வெறும் மனப்பாடமாக நில்லாது. ஆனால் ஒன்று, குழந்தைகளே: நிழலைப் பாருங்கள், சூரியனை நேராகப் பார்க்கலாகாது. கண்ணுக்கு அது பெருங்கேடு.

இரண்டாவது, நம் போவன்பள்ளிக் காய்கறிச் சந்தை. நாம் வாங்கும் தக்காளியும் கத்தரியும் வருகின்ற அச்சந்தையில், அழுகியும் கசங்கியும் எஞ்சுகின்ற காய்களிலிருந்து எரிவாயு எடுத்து, அதனால் மின்சாரம் ஆக்கும் நிலையம் அமைக்கப்பட்டது. அதற்கான தொழில்நுட்பம் நம் நகரின் இந்திய வேதியியல் தொழில்நுட்ப நிறுவனத்தில் உருவானது. 2021 சனவரி 31-இல் பிரதமர் தம் வானொலி உரையில் இதனைக் குறிப்பிட்டார். நாளொன்றுக்குச் சுமார் 10 டன் கழிவிலிருந்து 500 அலகு மின்சாரமும் 30 கிலோ உயிரி எரிபொருளும் கிடைக்கின்றன என்பது அன்று சொல்லப்பட்ட கணக்கு. செடி வளரும் கதையைக் கூறும் படப் புத்தகம் எந்த வீட்டில்தான் இல்லை? அதனைப் படித்துவிட்டுக் குழந்தையிடம் இச்சந்தையைப் பற்றிச் சொல்லுங்கள். சூரியனிலிருந்து 8 நிமிடத்துக்குச் சற்று மேற்பட்ட நேரத்தில் வந்து சேர்ந்த ஒளியை இலை பிடித்து வைத்தது, அது காயாயிற்று, காய் அழுகி வாயுவாயிற்று, வாயு மின்சாரமாயிற்று, மின்சாரம் மீண்டும் விளக்கொளியாயிற்று. தமிழில் 'ஒளி' என்னும் சொல்லுக்கு வெளிச்சம் என்றும் மறைந்துகொள் என்றும் இரு பொருள் உண்டன்றோ? அழுகிய தக்காளிக்குள் ஒளி ஒளிந்திருந்தது என்று சொல்லும்போது குழந்தை சிரிக்கும்; சிரித்தது மறக்காது.

தமிழில் இதற்கெல்லாம் நூல் உண்டோ என்று ஐயுற வேண்டா. வழக்கறிஞராக இருந்துகொண்டே 1917 முதல் தமிழில் அறிவியலை எளிய நடையில் எழுதி வந்தவர் பெ. நா. அப்புசாமி. பெரியசாமித் தூரன் அவர்களைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, 1968 முதல் 1976 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது குழந்தைகள் கலைக்களஞ்சியம். அதனை இன்று தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் எவரும் படிக்கலாம். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987-இல் தொடங்கிய 'துளிர்' சிறுவர்க்கான அறிவியல் இதழ். 2015-இல் தொடங்கப்பட்ட 'ஸ்டோரிவீவர்' தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் விலையின்றிக் கிடைக்கின்றன. விளக்கு ஏற்றப்பட்டுத்தான் இருக்கிறது. அதனை நம் கூடத்துக்கு எடுத்துவர வேண்டியதே எஞ்சியுள்ளது.

தமிழில் அறிவியலைப் பேசினால் பள்ளித் தேர்வில் பிள்ளை குழம்பாதோ என்று பெற்றோர் சிலர் அஞ்சுகின்றனர். அந்த அச்சம் பிள்ளையின் நலன் கருதியது. அதனை எள்ளுதல் தகாது. ஆயினும் எண்ணிப் பாருங்கள். நிழல் எவ்வாறு உண்டாகிறது என்பதைக் கையால் செய்து கண்டுகொண்ட பிள்ளைக்கு, அதனை ஆங்கிலத்தில் சொல்லப் புதிதாகச் சில சொற்களே வேண்டும். ஒன்றும் காணாத பிள்ளைக்கோ சொற்கள் மட்டுமே கையிருப்பு. நம் 'நிழலும்' தெலுங்கின் 'நீடயும்' உடன்பிறந்த சொற்கள் என்று அறியும்போது, அடுத்த வீட்டுத் தோழனிடமும் நம் பிள்ளை இதனை மகிழ்வோடு எடுத்துரைக்கும்.

இறுதியாக, சங்கத்தார்முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். சங்க அறையில் சிறுவர் நூல்களுக்கென ஓர் அலமாரி அமைத்தல் வேண்டும். அதனருகே ஒரு கைவிளக்கும், ஒரு கண்ணாடியும், ஒரு வாணலியும் இருக்கட்டும். திங்களுக்கு ஒரு ஞாயிறு மாலையில், பெரியவர் ஒருவர் ஒரு கதையைப் படிக்க, பிள்ளைகள் அதனைச் செய்து பார்க்க வகை செய்தல் வேண்டும். ஓய்வு பெற்ற நம் பெரியோர்க்கு இதைவிட இனிய பணி கிடையாது. வரும் மே மாதத்தில் நம் பிள்ளைகள் அளந்து எழுதும் நிழற்கணக்கையும், அவர்கள் திருத்தி வரைந்த படங்களையும் அடுத்த ஆண்டு மலரில் அச்சிடல் வேண்டும். தாம் எழுதிய தமிழைத் தாமே அச்சில் காணும் பிள்ளை, தமிழ் நூலை மீண்டும் கையில் எடுக்கும்.

தாய்மார்களே, இன்றிரவு வீடு திரும்பியதும், உறங்குமுன் ஒரு கதையைப் படியுங்கள். படித்தபின் ஒரே ஒரு கேள்வியைத் தமிழில் கேளுங்கள். விடையை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். குழந்தை எழுந்து சென்று கைவிளக்கை எடுத்து வரட்டும்.